மறப்பதற்காக வாங்கிய மூக்குக்கண்ணாடி

என் கணவர் மூக்குக்கண்ணாடி அணிந்து வாசக மேடையில் நின்றதை எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை. மழை விடாமல் பிடித்திருந்த மாதம். கோயில் வாசலில் விரித்து வைத்த குடைகள், உள்ளே ஈரத் துணியின் வாடை, தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி. அவர் மைக்கைச் சற்றுக் கீழே இறக்கினார். தனக்கு முன் பேசியவர் விட்டுப்போன உயரத்தில் எந்த மைக்கையும் அவர் விட்டுவைத்ததில்லை. பிறகு திறந்திருந்த பைபிள் வாசகப் புத்தகத்தின்மேல், உறங்கும் நாயின் தலையில் கை வைப்பவர்போல, உள்ளங்கையை வைத்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

இரண்டாவது பெஞ்சில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரியைப் படித்து முடிக்க அவருக்கு ஒரு பாட்டு முடியும் நேரம் ஆகும். இது அந்தக் கோயிலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: அவருக்கும் எனக்கும்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஸ்டெல்லா. குடியிருப்பது பெங்களூர் ஜீவனஹள்ளி. கணவர் பெயர் அந்தோணி. எங்கள் பங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அந்தோணி நிற்பார் என்பதால் அடையாளம் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பேக்கரி அந்தோணி, போலீஸ் அந்தோணி, நெட்டை அந்தோணி. இவர் சவுண்டு அந்தோணி. சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், தேர்த்திருவிழா, பிள்ளையார் ஊர்வலம், கட்சிக் கூட்டம். எல்லாக் கடவுளுக்கும் எல்லாக் கட்சிக்கும் அதே ஸ்பீக்கர்தான்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேறு அடையாளம் இருந்தது. வகுப்பில் இரண்டு அந்தோணிகள். குழப்பம் வரக்கூடாது என்று ஆசிரியர் ஒருவரை அந்தோணி என்றும், இவரை மக்கு அந்தோணி என்றும் கூப்பிட்டார். எட்டாம் வகுப்போடு இவர் நின்றபோது அந்தப் பெயரும் நின்றது. சவுண்டு அந்தோணி என்று ஆவதற்குப் பல வருடம் பிடித்தது. பிடித்த பெயரை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இழந்துவிடலாம் என்பதுதான் அன்றைய நிலைமை.

படிப்பதே என் உத்தியோகம்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல மடிப்பாக ஒரு மெல்லிய தாள் இருக்கும். வாங்குகிறவர்கள் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவார்கள். உலகத்தில் யாரும் படிக்காத அந்தத் தாளைப் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஹெப்பகோடியில் ஒரு நிறுவனம். கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் திரும்பி, இடையில் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்பக்கமாகப் படிப்போம். முன்னாலிருந்து படித்தால் பொருள் புரிய ஆரம்பித்துவிடும். பொருள் புரிந்தால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும், பிழை தப்பிவிடும். ஆகவே புரியாமல் படிப்பது எங்கள் துறையில் ஒரு தகுதி. அதில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டிலும் நான் அப்படித்தான். மிளகு, சீரகம், சோம்பு என்று ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டியிருக்கிறேன். என் கணவர் ஒருநாளும் டப்பா மாற்றி எடுத்ததில்லை. நான் ஒட்டிய பெயர்களின் வெற்றி என்று நினைத்திருந்தேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து எடுக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது.

கண்ணாடியின் சரித்திரம்

கல்யாணமான புதிதில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கடையிலயே இருக்குது, நீயே படிச்சு சொல்லு" என்றார். நான் படித்துச் சொன்னேன். அதன்பிறகு எல்லாவற்றையும் நானே படித்துச் சொன்னேன்.

கண்ணாடி எப்போதும் வேறெங்காவது இருக்கும். அவர் வீட்டில் இருந்தால் அது கடையில். கடையில் இருந்தால் டெம்போவில். ஓட்டலில் மெனு அட்டையைத் தொடவே மாட்டார். "இன்னிக்கு இன்னா ஸ்பெஷல்?" என்று சர்வரிடம் கேட்பார். பேங்க்குக்குப் போகும் நாளில் மட்டும் வலது கைக் கட்டைவிரலில் துணிக்கட்டு இருக்கும், சலானை வேறு யாராவது நிரப்பித் தருவார்கள். தெருப் பெயர்ப் பலகை பற்றிக் கேட்டால், "இந்த ஊர்ல போர்டை நம்பறவன்தான் தொலைஞ்சு போவான்" என்பார். பெங்களூரில் இருப்பவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது.

பிழை கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்ட ஒருத்தி இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்கு ஞாபகமறதி என்று முடிவு கட்டினாள்.

ஃபாதரின் திட்டம்

புதிதாக வந்த பங்குத் தந்தை இளைஞர். வந்த வேகத்தில் இரண்டு சீர்திருத்தம் செய்தார். முதலாவது, வாசகங்களை அச்சிட்டுக் கொடுக்கும் தாளை நிறுத்தினார். "தாளைப் பாக்காதீங்க, காதால கேளுங்க" என்றார். மக்கள் தாளைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். கேட்கத் தொடங்கினார்களா என்பது இந்த அத்தியாயத்தின் கடைசியில் தெரியும்.

இரண்டாவது சீர்திருத்தம் என் தலையில் விழுந்தது. யார் எந்த ஞாயிறு வாசிப்பது என்று முறை போடுவது என் பொறுப்பு.

"ஸ்டெல்லாம்மா, நம்ம பங்குல பொம்பளைங்கதான் படிக்கிறாங்க. ஆம்பளைங்களுக்கு எல்லாம் ஒரே நேரத்துல தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் ஃபாதர்.

"கேட்டா கண்ணாடி மறந்துட்டேன்னு சொல்றாங்க ஃபாதர்."

"அப்போ உங்க வீட்ல இருந்தே ஆரம்பிங்க. உங்க வீட்டுக்காரர் குரலுக்கு என்ன குறைச்சல்?"

பக்கத்தில் இன்னாசி சார் நின்றுகொண்டிருந்தார். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு இன்னும் பழகவில்லை. "ஊருக்கெல்லாம் டூட்டி போடுறியேம்மா. வீட்டுக்காரருக்கு மட்டும் பர்மனென்ட் லீவா?" என்று கேட்டார். நான்கு பேர் சிரித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அவர் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுவது நின்றது.

"போடாதே" என்றார்.

"ஏங்க?"

"கண்ணாடி சரியில்ல."

"சரி. இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட போறோம்" என்றேன். ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு அன்றைய டயரியை எழுதினேன்.

பவர் எங்கே?

சிவாஜிநகரில் ஒரு மாடிக் கிளினிக். கீழே கறிக்கடை, நடுவில் துணிக்கடை, மேலே கண். சுவரில் இருந்த எழுத்துகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசி வரிசைவரை என் கணவர் சரியாகச் சொன்னார். நானே மேல் பாதியோடு நின்றிருப்பேன்.

"கண்ணு ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் டாக்டர். பிறகு கண்ணாடியை வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். "இதுல பவரே இல்லையே பாய். இது ஜன்னல் கண்ணாடி."

கண்ணில் குறையே இல்லாத மனிதர், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத கண்ணாடியை, மறந்து வைப்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கியிருந்தார்.

டாக்டர் அனுபவசாலி. எதுவும் கேட்காமல், மேசையில் கிடந்த நாளிதழை எடுத்து ஒரு தலைப்பைக் காட்டினார். என் கணவர் வாயைத் திறந்தார். முதல் சொல்லில் நின்றார். முதல் எழுத்துக்குத் திரும்பினார். மறுபடி வந்தார். நெற்றியில் வேர்வை பொடித்தது. நாலு சொல் தலைப்பு அது. நான் அதை எப்போதோ படித்து முடித்துவிட்டு, செய்தியின் பாதியில் இருந்தேன்.

இறங்கி வந்து ஜூஸ் கடையில் நின்றோம். அவர் என்னைப் பார்க்காமல், பிழியப்படும் சாத்துக்குடியைப் பார்த்துச் சொன்னார்.

"ஒத்த எழுத்துன்னா தெரியும் ஸ்டெல்லா. கும்பலா வந்தாதான் தகராறு. சின்ன வயசுல இருந்தே. நான் சொல்லல. உனக்கு மார்க்கெல்லாம் ஜாஸ்தின்னு பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பா சொன்னாரு."

ஃப்ளைஓவரும் சர்வீஸ் ரோடும்

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த பெயர் மைத்ரி. வாசிப்புச் சிக்கல்களைச் சோதிக்கிற உளவியலாளர். கன்னடக்காரப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். அங்கே வந்திருந்தவர்கள் எல்லாம் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் கணவர் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அர்த்தமில்லாத சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார் மைத்ரி. படங்களைக் காட்டி வேகமாகப் பெயர் சொல்லச் சொன்னார். பிறகு வாயால் ஒரு கேள்வி: "பலகைங்கற சொல்லுல முதல் சத்தத்தை எடுத்துட்டா என்ன மிச்சம்?"

எந்த ஸ்பீக்கரில் எந்த வயர் உறுமுகிறது என்று பத்தடி தூரத்திலிருந்து சொல்கிறவர் என் கணவர். அவர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில், "லகையா? அப்படி ஒரு சொல்லே கெடயாதே மேடம்" என்று வழக்காடினார். மைத்ரி சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் என்றார். என் கணவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "படிக்க வராதவனுக்கு வெக்கற பேரா மேடம் இது?"

மைத்ரி சொன்னதை நான் அன்றே எழுதி வைத்தேன். பேச்சு நம்மோடு ஆதியிலிருந்து வருகிறது. குழந்தை கேட்டே கற்றுக்கொள்கிறது. எழுத்து நேற்று வந்தது. படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதிகளுக்குப் பக்கத்தில், இடது பின்பக்கம், கொஞ்சம் இடத்தைக் கடன் வாங்கி எழுத்துக்குப் பழக்குகிறோம். பழகியபிறகு சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் சத்தமும் பொருளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. இவரைப் போன்றவர்களுக்கு எழுத்தையும் சத்தத்தையும் முடிச்சுப் போடுவதே கடினம். அதனால் அந்தப் பின்பக்கம் சரியாகப் பழகுவதில்லை. முன்பக்கமும் வலது பக்கமும் சேர்ந்து முட்டி மோதி அந்த வேலையைச் செய்கின்றன. கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறிவுக்கும் இல்லை.

"அதாவது, மைக்கும் சரி, ஸ்பீக்கரும் சரி. நடுவுல வயர் லூஸ்" என்றார் என் கணவர்.

"லூஸ் இல்ல சார். வேற ரூட். மேடம் ஃப்ளைஓவர்ல போறாங்க. நீங்க கீழ சர்வீஸ் ரோடுல போறீங்க. எல்லா சிக்னலும் விழும். போய்ச் சேருவீங்க, ஆனா களைச்சு சுஸ்தாயிடுவீங்க."

"சில்க் போர்டு ஜங்ஷன்" என்று எங்கள் ஊரில் நெரிசலுக்குப் பேர்போன இடத்தைச் சொன்னார் அவர், புரிந்துவிட்ட முகத்தோடு.

"ஹௌது. அதேதான்."

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்போ ஃப்ளைஓவர்ல போறவங்களுக்குப் பிரச்சினையே இல்ல?"

"அவங்களால நிறுத்த முடியாது மேடம். எழுத்தைப் பாத்தா மூளை தானா படிச்சிடும். நீங்க வேற யோசனைல இருந்தாலும் படிச்சிட்டே போகும். கீழ என்ன ஊர் வந்துச்சுன்னு தெரியாது."

இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டெம்போவில் ஒத்திகை

ஃபாதரிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். என் கணவர் வேண்டாமென்று தலையாட்டினார். "ஃபாதர்கிட்ட சொன்னா அடுத்த பிரசங்கத்துல நான்தான் உதாரணம். 'நம்ம மத்தியிலேயே ஒரு சகோதரர்'னு ஆரம்பிப்பாரு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க." சற்றுப் பொறுத்து, "போடு. பாத்துக்கலாம்" என்றார்.

முதல் வாசகத்தை என் குரலில் போனில் பதிவு செய்து கொடுத்தேன். அடுக்கடுக்காக ராஜாக்களின் பெயர்கள் வரும் பகுதி. அவர் டெம்போவில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் அதைக் கேட்டார். கடையில் வேலை செய்யும் பாஷா, "அண்ணா, இந்தப் பாட்டு நக்கோ, வேற போடு" என்று கெஞ்சியிருக்கிறான்.

மூன்றாம் நாளே எனக்குத் திருத்தம் வந்தது.

"அந்த ராஜா பேசற இடத்தை நீ மருந்துச் சீட்டு மாதிரி படிச்சிருக்கே. அவன் பயந்துகினு கேக்கறான் ஸ்டெல்லா. பயம் எங்க?"

"அங்க கேள்விக்குறிதாங்க இருக்கு."

"குறியைப் படிச்சா ஆச்சா? ஆளைப் பாரு."

அந்த வாரம் முழுவதும் அவருடைய வாசகத்துக்கே போயிற்று. அதே ஞாயிறு இரண்டாம் வாசகம் என்னுடையது. நான் அதைப் பார்க்கவே இல்லை. எனக்கெதற்கு ஒத்திகை?

திரும்பவும் மேடைக்கு

கை புத்தகத்தின்மேல் இருக்க, அவர் ஆரம்பித்தார்.

எங்கள் கோயிலில் வாசகம் என்பது இருமிக்கொள்வதற்கும் பிள்ளைகளை அதட்டுவதற்கும் ஒதுக்கப்பட்ட நேரம். அன்று இருமல் நின்றது. அவர் வாசிக்கவில்லை, நேற்று நேரில் பார்த்துவிட்டு வந்தவர்போல் சொன்னார். ராஜா பயந்தான், அந்தப் பயம் கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. மைக்கில் மூச்சு இடிக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை, வேண்டுமென்றே, ஒரு பக்கத்தின் மூலையைத் தொட்டுக்கொண்டார். நல்ல நடிகர்.

முடித்து இறங்கியபோது இன்னாசி சார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டுக்குழு சங்கீதம் பாடியது. அந்தக் கலக்கத்தோடே நான் மேடை ஏறினேன். புத்தகம் திறந்திருந்தது. இரண்டாம் வாசகம் என்று தலைப்பு இருந்தது. தெளிவாக, திருத்தமாக, ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தேன். மக்கள் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். ஃபாதர் தன் கையிலிருந்த தனிப் புத்தகத்திலிருந்து நற்செய்தி வாசித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அன்றிரவு என் டயரியில் ஒரே வரி: "பிழை ஏதுமில்லை."

டீயும் பன்னும்

அடுத்த ஞாயிறு இரண்டாம் வாசகம் இன்னாசி சாருடையது. கம்பீரமாகப் படித்தார். என் கணவர் ஓரமாக மிக்ஸர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நடுவில் அவர் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்ததை நான் கவனித்தேன். ஏதோ வயர் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து வெளியே டீயும் பன்னும் கொடுப்பார்கள். ஃபாதர், இன்னாசி சார், இன்னும் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். என் கணவர் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவியாகக் கேட்டார்:

"இன்னா ஃபாதர், ஒரே வாசகத்தை ரெண்டு வாரம் படிக்கிறாங்க? விசேஷம் ஏதாச்சுமா?"

"எந்த வாசகம்?"

"இன்னாசி சார் படிச்சதுதான். போன வாரம் ஸ்டெல்லா படிச்சிட்டாளே. ஒருத்தரு கடிதாசு எழுதி ஊர்க்காரங்களைத் திட்டுவாரே, அது."

இன்னாசி சாரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அந்தோணி, நான் அச்சுல இருந்ததைத்தான் படிச்சேன்."

"அதேதான் சார் இவளும் படிச்சா."

"இல்லீங்க, நான் படிச்சது வேற" என்றேன்.

"சரி, இன்னா படிச்சே? சொல்லு."

நான் யோசித்தேன். ஓர் எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். இரண்டு வாரமும் முன்வரிசையில் இருந்தவர்கள் பன்னைக் கவனமாகத் தின்றார்கள். இரண்டு வாரமும் பீடத்தருகே உட்கார்ந்து கேட்ட ஃபாதர் ஆகாயத்தைப் பார்த்தார்.

படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு அனுப்புவதற்காக என் கணவர் ஒவ்வொரு பூசையையும் பதிவு செய்து போனில் வைத்திருப்பார். அதை எடுத்தார். போன வாரப் பதிவைத் தள்ளித் தள்ளி ஓட்டினார். அவருடைய ராஜா பயந்தான், சங்கீதம் வந்தது, பிறகு என் குரல், ஓர் எழுத்துப் பிசகாமல், அன்று காலை இன்னாசி சார் படித்த அதே வாசகத்தைப் படித்தது.

ஃபாதர் உள்ளே போய்ப் புத்தகத்தையும் காலண்டரையும் பார்த்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "நான்தான்மா. போன வாரம் பூசைக்கு முன்னாடி அடுத்த ஞாயிறு எவ்வளவு நீளம்னு பாத்தேன். ரிப்பனை அங்கேயே விட்டுட்டேன்போல. நீங்க வந்த இடத்துல படிச்சிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் இன்னாசி சார் சூப்பரின்டெண்டாக இருந்தவர். ஒரு ஃபைலை முழுதாகப் பார்க்காமல் மூடத் தெரியாது.

"இருங்க. முதல் வாசகமும் ரெண்டாவதும் எதிரெதிர்ப் பக்கம். புத்தகம் ஆரம்பத்துல இருந்தே தப்பான எடத்துல திறந்திருந்தா, அந்தோணி எப்படிச் சரியான வாசகத்தைப் படிச்சார்?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். தன்னை மாட்டிவிடும் சாட்சியைத் தானே எடுத்து ஓட்டிக் காட்டியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழைய வகுப்பறை அவர் முகத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

"நான்தான் சார்..." என்று ஆரம்பித்தேன். "அவர் படிச்சு முடிச்சப்புறம் நான்தான் பக்கத்தை... தெரியாம... காத்துல..."

"ஸ்டெல்லா, விடு" என்றார் அவர். பன்னை டீ கிளாஸின்மேல் வைத்தார். "எனக்குப் படிக்க வராது சார். இவளுக்குப் பொய் சொல்ல வராது. ரெண்டுமே மூளையில இருக்கற தகராறுதான், இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் டாக்டர் சொல்லியிருக்கு."

மீதியையும் அவரே சொன்னார். கூட்டமாக எழுத்து வந்தால் என்ன ஆகும் என்பது, ஜன்னல் கண்ணாடி, டெம்போ, சர்வீஸ் ரோடு. மேடையில் சொன்ன அதே நிதானத்தோடு.

இன்னாசி சார் ஓரடி நெருங்கி வந்தார். "அப்போ மொத்தமும் மனப்பாடமா? அந்த ராஜாக்கள் பேரெல்லாம்?"

"கேட்டா உக்காந்துக்கும் சார்."

"எனக்கு இன்னிக்கு நான் படிச்சதே ஞாபகம் இல்லய்யா" என்றார் இன்னாசி சார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அந்த ராஜா பகுதியை மறுபடி போடு, கேப்போம்" என்றார்.

ஒரு நண்பருக்காகக் கேட்டவர்கள்

மாலைக்குள் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து வாட்ஸாப் குழுவுக்குச் செய்தி போய்விட்டது. வல்லாரைக் கீரையை வெறும் வயிற்றில் மென்று தின்னச் சொன்னார்கள். அக்ரூட் பருப்பு மூளை வடிவத்தில் இருப்பதால் மூளைக்கு நல்லது என்றார்கள். சிறுநீரக வடிவத்தில் முந்திரி இருப்பதை யாரோ நினைவூட்டினார்கள். இடது கையால் பல் தேய்க்கச் சொன்னார் ஒருவர். எல்லாவற்றையும் நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். "படிக்கத் தெரிஞ்சவங்க நெலைமை ரொம்ப மோசமா இருக்குதே" என்றார்.

மறுநாள் போலீஸ் அந்தோணி போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கில்ல, என் ஃப்ரெண்டு ஒருத்தன்... அந்த ரெக்கார்டிங் எப்படிப் பண்ணீங்க?" என்றார். அதற்கடுத்த நாள், வருடக்கணக்காகத் தொண்டை கட்டியிருந்த ஒருவர் கடைப் பக்கம் வந்து ஸ்பீக்கர் விலை விசாரித்துவிட்டு, போகும்போது தன் நண்பர் ஒருவரைப் பற்றிக் கேட்டார். எங்கள் பங்கில் இத்தனை பேருக்கு இத்தனை நண்பர்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. மைத்ரியின் முகவரியை எல்லா நண்பர்களுக்கும் கொடுத்தேன்.

அடுத்த மாத முறையில் புதிதாக மூன்று ஆண்களின் பெயர்கள் வந்தன. தன் அழைப்பை ஏற்று முன்வந்த ஆண்களுக்கு ஃபாதர் பீடத்திலிருந்து நன்றி சொன்னார். அவர் சந்தோஷத்தை நாங்கள் கெடுக்கவில்லை.

நானும் என் வாசகத்தை இப்போது டெம்போவில் கேட்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் திருத்துகிறார். இந்த அத்தியாயத்தைக்கூட முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

மறுபடி அவருடைய முறை வந்த ஞாயிறு, வாசலில் நின்று குடையை விரித்தேன். பழக்கதோஷம், அலமாரியின் மேல் கிடந்த கண்ணாடியைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தேன்.

"என்னங்க, கண்ணாடியை மறந்துட்டீங்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"மறக்கல. வெச்சிட்டு வரேன்."